தூணில் இருக்கிறது சூட்சுமம்

வீட்டிலேயே வானாய்வுக்கூடம் கட்டி விண்மீன்களைப் படமெடுப்பவரைச் சந்தித்தால், "லென்ஸ் எத்தனை அங்குலம்?" என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். நான் தொலைநோக்கியைத் தாங்கும் தூணைத்தான் முதலில் பார்ப்பேன். கட்டியவரின் கைத்திறன் அங்கே தெரிந்துவிடும்.

இதற்குச் சென்னையிலேயே முன்னோடி உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் சொந்தமாக ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தார். பிறகு அதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. 1792இல் மைக்கேல் டாப்பிங்கின் வடிவமைப்பில் நுங்கம்பாக்கத்தில் புதுக்கட்டடம் எழுந்தது. அங்கே 15 அடி உயரம், 10 டன் எடையில் ஒரு கருங்கல் தூணை நிறுத்தினார்கள். அது சுமந்ததோ, விண்மீன் உச்சிகடக்கும் நேரத்தைக் குறிக்கும் ஒரு சிறு கருவி! அசைவின்மைக்கு அவர்கள் கொடுத்த விலை அது. அந்த ஆய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரிதான் 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார்.

இன்றைய கேமராவுக்கு அசைவின்மை இன்னும் அவசியம். ஒரு மீட்டர் குவியத்தொலைவும் 3.76 மைக்ரான் பிக்சலும் இருந்தால், பூமியின் சுழற்சியால் விண்மீன் ஒரு நொடியில் ஏறத்தாழ 19 பிக்சல் வரை நகர்ந்துவிடும். ஐந்து நிமிடம் படமெடுக்கும்போது, தூணின் மேல் தொலைநோக்கியைத் திருப்பும் மவுன்ட் அந்த நகர்வை ஈடுகட்டியபடியே இருக்க வேண்டும். அப்போது பக்கத்தில் ஒருவர் நடந்தாலே விண்மீன்கள் இழுபட்டுப்போகும். அதனால்தான் தூணுக்குத் தனி அஸ்திவாரம் போட்டு, அதற்கும் அறைத் தளத்துக்கும் நடுவே விரலளவு இடைவெளி விடுகிறார்கள். நடப்பவரின் அதிர்வு தளத்தோடு நின்றுவிடும்.

இப்படியொரு வானாய்வுக்கூடத்தைப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். விடிவெள்ளியையும் ஆறாமீனையும் பார்த்து நேரம் கணித்த கடலோரம் இது. வானத்துக்குப் பழகிய ஊர். மணல் நிலம் என்பதால் அஸ்திவாரம் அகலமாக இருக்க வேண்டும். இங்கே துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து 13 பாகைதான் எழும். நீட்டிய கையின் ஒரு முட்டி உயரத்தைவிடச் சற்றே அதிகம். உருளும் கூரையை வடக்கே தள்ளினால், மவுன்ட்டின் அச்சு குறிவைக்க வேண்டிய அந்த நட்சத்திரம் மறைந்துவிடும். கிழக்கிலோ மேற்கிலோதான் தள்ள வேண்டும். மவுன்ட்டின் அச்சும் ஏறக்குறையப் படுத்த நிலையில் இருப்பதால், எதிர்எடைத் தண்டு தூணில் இடிக்கும். தூணின் தலையை வடக்கே கொஞ்சம் நீட்டிவிட்டால் இடிக்காது. தேர்ந்த கொத்தனாரும் வெல்டரும் சேர்ந்தால் முடிகிற வேலை.

தெற்கு வானத்தில் பொக்கிஷங்கள் அதிகம். ஒமேகா செண்டாரி விண்மீன் கொத்து இங்கே 29 பாகை உயரம் வரை ஏறும். ஆனால் எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னை எல்லாவற்றின் வெளிச்சமும் அதே திசையில்தான். பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கத்தின் ஒளி வரும் பக்கத்துச் சுவரை உயர்த்தத்தான் வேண்டும். உப்புக்காற்றுக்கு நட்டு, போல்ட்டெல்லாம் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும். புயலுக்குக் கூரையைச் சுவரோடு பிடிக்கும் கொக்கிகள் வேண்டும். லென்ஸில் பனி படியாமலிருக்க ஹீட்டர் பட்டையும் தேவை.

இப்படிக் கட்டத் துணிகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதல் பணத்தைத் தூணுக்கு ஒதுக்குங்கள். தொலைநோக்கியையும் கேமராவையும் வசதி வரும்போது மாற்றிக்கொள்ளலாம். தூணை ஒருமுறைதான் கட்டுவீர்கள்.