கண்டுபிடித்த பிறகு

மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்டின் 'வேர்ஸ் வாலி?' 1987இல் வந்தது. ராமாயணத்தில் மறைந்து நின்றவன் ராமன். இங்கே மறைந்து நிற்பவன் வாலி. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, கண்ணாடி, குல்லா. கடற்கரைக் கூட்டத்தில் அவனைத் தேட வேண்டும். கிடைத்துவிட்டானா? அவ்ளோதான், அடுத்த பக்கம். சுற்றியிருக்கும் கூட்டத்தையும் ஹேண்ட்ஃபோர்ட் சிரிக்கச் சிரிக்கத்தான் வரைந்திருக்கிறார். ஆனால் வாலியைத் தேடுகிற கண்ணுக்கு அவர்கள் எல்லாரும் இடைஞ்சல். 'கவனம் வளரும்' என்று சொல்லி வாங்கித் தருகிறோம். வளரட்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது மட்டும் போதுமா?

ஆல்பெர்க் தம்பதியின் 'ஈச் பீச் பேர் பிளம்' (1978) வேறு ரகம். ஒளிந்திருப்பவர்கள் ஆங்கிலக் குழந்தைப் பாடல்களிலும் கதைகளிலும் வருகிறவர்கள். சிண்ட்ரெல்லாவை நம் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். மதர் ஹப்பர்ட் யாரென்று ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும். வடை சுட்ட பாட்டியும் காக்காவும் ஒளிந்திருந்தால் அந்தச் சிக்கலே இல்லை.

எனக்குப் பிடித்தது ரோட்ராவுட் சுசான்னே பெர்னரின் குளிர்கால 'விம்மெல்புக்' (2003). நமக்கு விம்மல் என்றால் அழுகை; ஜெர்மனில் அந்தச் சொல்லுக்கு மொய்த்துக் கிடப்பது என்று பொருள். ஏழே விரிபக்கங்கள், ஒரே ஊர். யாரும் எதையும் தேடச் சொல்வதில்லை. முதல் பக்கத்தில் பார்த்த ஆள் மூன்றாம் பக்கத்தில் எங்கோ நடந்துகொண்டிருப்பார். வசந்தம், கோடை, இலையுதிர்காலம் என்று அடுத்தடுத்த புத்தகங்களிலும் அதே ஊர், அதே மனிதர்கள். ஒரு பாலர் பள்ளிக் கட்டடம்கூட பருவத்துக்குப் பருவம் எழும்புகிறது. (2007இல் ஓர் அமெரிக்கப் பதிப்பகம் இதில் அருங்காட்சியகத்தின் குட்டி நிர்வாண உருவங்களையும் புகைபிடிப்பவர்களையும் எடுக்கச் சொன்னது. பெர்னர் மறுத்துவிட்டார். பெரியவர்களும் நன்றாகத்தான் தேடுகிறார்கள்!)

கடைப் பலகை மாதிரியானவை தவிர உள்ளே எழுத்தே இல்லை. அப்படியென்றால் இது எந்த மொழிப் புத்தகம்? மடியில் வைத்துப் பேசுகிறவரின் மொழிப் புத்தகம். அக்கா மகளுக்குப் பாலர் பள்ளியில் ஆங்கிலமும் மலாயும்தான். ஆங்கிலப் புத்தகத்தை நான் தமிழில் சொன்னால், "அப்படி எழுதலையே மாமா" என்று பிடித்துவிடுவாள். பெர்னரின் புத்தகத்தில் அவளால் அப்படிப் பிடிக்க முடியாது. "இவரு ஏன் ஓடறாரு?" என்று அவளே கேட்கிறாள். பஸ்ஸை விட்டுட்டாரு என்கிறேன். இல்ல, பூனைய தேடறாரு என்கிறாள்.

ஒரு தொல்லை உண்டு. வாலியைக் கையில் கொடுத்துவிட்டு நாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெர்னரைக் கொடுத்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து பேச வேண்டும், அதுவும் தமிழில், வேலை முடிந்து வந்த களைப்போடு.