பாதி நேரம் ஃபீல்டர்களுக்கு வேலையில்லை

ஆடம் டன்னை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு எக்செல் தாள். பேஸ்பால் புள்ளிவிவரங்களை வைத்து டேட்டா அனலிடிக்ஸ் கத்துக்கிட்டிருந்த நாட்கள் அவை. 2005 முதல் 2008 வரை அவருடைய ஹோம்ரன் பத்தியில் 40, 40, 40, 40 என்றிருந்தது. காப்பி-பேஸ்ட் பண்ணும்போது தப்பு பண்ணிட்டேன்னு நினைத்தேன். தப்பில்லை.

ஆறரை அடி உயர டெக்ஸாஸ்காரர். 2001இல் சின்சினாட்டி ரெட்ஸில் தொடங்கி 2014 வரை 462 ஹோம்ரன்கள். கூடவே 2,379 ஸ்ட்ரைக்-அவுட், 1,317 வாக். வாக் என்றால், எல்லைக்கு வெளியே வரும் நான்கு பந்துகளைத் தொடாமல் விட்டு முதல் பேஸுக்கு நடந்துபோவது. மூன்றையும் கூட்டினால், அவர் மட்டையோடு வந்து நின்றதில் ஏறக்குறைய பாதி. அந்தப் பாதியில் களத்தில் நிற்கும் ஏழு ஃபீல்டர்களும் வெறும் பார்வையாளர்கள்.

பேட்டிங் சராசரி .237தானே என்று பழைய ஆட்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். என்னைப் போன்றவர்கள் சண்டைக்குப் போனோம். சராசரியில் வாக் சேராது. சேர்த்தால் நூற்றுக்கு 36 தடவை பேஸுக்குப் போயிருக்கிறார். கேட்ச் கொடுத்தால் என்ன, ஸ்ட்ரைக்-அவுட் ஆனால் என்ன, அவுட் அவுட்தானே? கணக்கு எங்கள் பக்கம் இருந்தது. அவருடைய ஃபீல்டிங் மோசம் என்ற பக்கத்தை மட்டும் சௌகரியமாகப் புரட்டிவிடுவோம்.

2011இல் 5.6 கோடி டாலருக்கு நான்கு வருட ஒப்பந்தத்தோடு சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குப் போனார். சராசரி .159, ஹோம்ரன் 11, ஸ்ட்ரைக்-அவுட் 177. எங்களிடம் பதில் இல்லை. அடுத்த வருடமே 41 ஹோம்ரன், 222 ஸ்ட்ரைக்-அவுட். ஒரு சீசன் முழுக்க அடி வாங்கிய பிறகும் மனுஷன் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான். அதற்கு எந்த ஃபார்முலாவும் தேவைப்படவில்லை.

2018இல் மேஜர் லீக் முழுவதிலுமே ஹிட்களைவிட ஸ்ட்ரைக்-அவுட்கள் அதிகமாகிவிட்டன. எல்லோரும் டன் மாதிரி ஆட ஆரம்பித்திருந்தார்கள். நாங்கள் வாதாடிக் கேட்டது கிடைத்தது. பார்க்க சலிப்பாக இருந்தது. ஒருவர் அப்படி ஆடும்போது அது ஒரு சுபாவம். எல்லோரும் ஆடினால் வெறும் கொள்கை. சரியான கணக்கு நல்ல ஆட்டத்தைத் தரும் என்று நம்பியது எங்கள் தவறு, அவருடையது அல்ல.

2020 ஹால் ஆஃப் ஃபேம் தேர்தலில் அவருக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு.

2,001 ஆட்டங்கள் ஆடியவர் பிளேஆஃபில் ஒருமுறைகூட ஆடியதில்லை. கடைசி வருடம் ஓக்லண்ட் அணியோடு அங்கே போய்ச் சேர்ந்தார். கன்சாஸ் சிட்டியுடன் ஒரே ஆட்டம். 12 இன்னிங்ஸ் நீண்டு, 9–8 என்று தோற்றார்கள். டன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அதோடு ஓய்வு.

அந்த எக்செல் தாளில் 40, 40, 40, 40 இன்னும் இருக்கிறது. அந்த இரவுக்கு அதில் வரி கிடையாது. ஆடாத ஆட்டம் பதிவாகாது.