ஓனர்களுக்கு முதல் வரிசை

நல்ல காதல் படம் ஒன்று சொல்லு என்று ஷிப்ட் பஸ்ஸில் யார் கேட்டாலும் என் வாயில் வருவது ஒரே பேர்தான்: செழியனின் ‘டூ லெட்’. “அது வாடகை வீட்டுக்கு அலையுற படமாச்சே?” என்பார்கள். ஆமாம் சாமி, அதனாலதான்!

2007 சென்னை. ஐடி சம்பளம் வாடகையை ஏற்றிவிட்ட காலம். சினிமாவில் இடம் தேடும் இளங்கோ, மனைவி அமுதா, சின்னப் பையன் சித்தார்த். ஒரு மாதத்தில் காலி பண்ணு என்கிறார் ஓனரம்மா. அவ்வளவுதான் கதை. போகிற இடமெல்லாம் என்ன ஆளுங்க, கறி சாப்பிடுவீங்களா, சினிமாவா என்று விசாரணை. பாட்டு கிடையாது, பின்னணி இசைகூடக் கிடையாது. வீட்டுச் சத்தமும் தெருச் சத்தமும்தான். இவர்கள் குடியிருக்கும்போதே யார் யாரோ வந்து வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். அப்போது அமுதாவாக வரும் ஷீலா ராஜ்குமாரின் முகத்தைக் கவனியுங்கள். என்ன நடிப்புய்யா! இந்தப் படம் தியேட்டருக்கு வந்த அதே 2019 பிப்ரவரியில்தான் மலையாளத்தில் அவருடைய ‘கும்பளங்கி நைட்ஸ்’ஸும் வந்தது.

ஒளிப்பதிவாளர் செழியன் இயக்க, தயாரித்தது அவர் மனைவி பிரேமா. புருஷன் பொண்டாட்டி சேர்ந்து எடுத்த புருஷன் பொண்டாட்டி படம்! சிறந்த தமிழ்ப் படம் என்று 65ஆவது தேசிய விருதும் வாங்கியது.

இதில் வில்லன் கிடையாது, மூன்றாவது ஆள் கிடையாது. வெளியே வாங்கிய அவமானத்தை வீட்டுக்குள் யார் தலையில் இறக்குவது என்பதுதான் அவர்கள் சண்டை.

ஆலைகள் சூழ்ந்த சுங்குவார்சத்திரத்தில் வாடகைக்கு இருப்பவனுக்கு இது புரியாமல் போகுமா? பேச்சிலர் நாலு பேர் என்றால் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கட்டிவிடுவார்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடி அந்த வாடகைக்கு எங்கே போகும்? பக்கத்தில் வல்லம் வடகாலில் 2024இல் ஆலையில் வேலை செய்யும் 18,720 பெண்கள் தங்க விடுதி திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் தாலி ஏறிய மறுநாள் டூ லெட் போர்டைத்தானே தேட வேண்டும்?

எனக்கு நைட் ஷிப்ட், வீட்டுக்காரிக்குப் பகல். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்துப் பார்த்தோம். பாதியில் நிறுத்தி, “அமுதா கேக்குறதுல என்ன தப்பு?” என்று அவள் என்னிடம் சண்டைக்கு வந்தாள். வேறெந்தப் படத்துக்கும் எங்கள் வீட்டில் இப்படி நடந்ததில்லை!

இங்கே ஒரு கல்யாண மண்டபம் பிடித்து இதைத் திரையிட வேண்டும் என்று எனக்கு ஆசை. வீட்டு ஓனர்களுக்கு முதல் வரிசை, டிக்கெட் இலவசம். அட்வான்ஸும் வேண்டாம்.