வாசலில் சொன்ன மறுப்பு

ஒரே வீட்டில் இருவர் குடியிருக்கிறார்கள். போலீஸ் வாரண்ட் இல்லாமல் வந்து நிற்கிறது. ஒருவர் ‘உள்ளே வாருங்கள்’ என்கிறார், மற்றவர் ‘கூடாது’ என்கிறார். யார் சொல் செல்லும்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு 2006-இல் ஒரு விடை சொன்னது. 2014-இல் அந்த விடையின் உயிரைத் தானே எடுத்துவிட்டது என்பது என் கருத்து.

வீட்டுச் சொந்தக்காரர் வாடகைதாரருக்காகச் சம்மதம் சொல்ல முடியாது என்று 1961-இலும், ஹோட்டல் ஊழியர் அறையில் தங்கியவருக்காகச் சொல்ல முடியாது என்று 1964-இலும் தீர்ப்பாகிவிட்டது. சேர்ந்து வாழ்பவர்கள் விஷயத்தில்தான் சிக்கல். 1974-இன் மேட்லாக் வழக்கில், வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் ஒருவரை வீட்டு முற்றத்திலேயே கைது செய்தார்கள். அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவருடன் அறையைப் பகிர்ந்த பெண்ணின் சம்மதத்தோடு உள்ளே போய், குழந்தைத் துணிப் பையிலிருந்து 4,995 டாலரை எடுத்தார்கள். வீட்டைப் பகிர்பவர் கதவைத் திறந்துவிடக்கூடும் என்ற அபாயத்தை ஏற்றுத்தானே கூடி வாழ்கிறோம் என்றது நீதிமன்றம்.

ஜார்ஜியா எதிர் ராண்டால்ஃப் வழக்கில் கணவர் வாசலிலேயே நின்று மறுத்தார், மனைவி சம்மதித்தார். போலீஸ் உள்ளே போய், கோகெய்ன் ஒட்டிய உறிஞ்சுகுழலைக் கண்டெடுத்தது. அந்தச் சோதனை செல்லாது என்று 2006-இல் 5-3 என்ற கணக்கில் தீர்ப்பானது. நீதிபதி சூட்டரின் வாதம் எளிமையானது: வாசலில் ஒருவர் வா என்று அழைக்க, இன்னொருவர் வராதே என்று தடுத்தால், விவரம் தெரிந்த விருந்தாளி படியேற மாட்டார். அடிபடுகிறவரைக் காப்பாற்றப் போலீஸ் நுழைவதை இந்தத் தீர்ப்பு தடுக்காது என்றும் அவர் தெளிவுபடுத்தினார். ஆனால் மறுப்பவர் அங்கே நேரில் இருக்க வேண்டும் என்று ஒரு கோடு கிழித்தார். அந்தக் கோட்டில்தான் பின்னால் ஓட்டை விழுந்தது.

ஃபெர்னாண்டஸ் வழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தது. வழிப்பறிக்காரரைத் தேடிப் போன போலீசார் ஒரு வீட்டிலிருந்து அலறல் கேட்டுக் கதவைத் தட்டினார்கள். கைக்குழந்தையோடு கதவைத் திறந்த பெண்ணின் மூக்கு வீங்கியிருந்தது, சட்டையில் ரத்தம். பின்னாலிருந்து வந்த ஆண், உள்ளே வர உங்களுக்கு உரிமையில்லை என்றார். அவரைக் கைது செய்து கொண்டுபோனார்கள். சுமார் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, அந்தப் பெண்ணிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிச் சோதனையிட்டார்கள். அந்தச் சோதனை செல்லும் என்றது நீதிமன்றம் 2014-இல், 6-3. முன்பு சூட்டரோடு நின்ற நீதிபதிகள் கென்னடியும் பிரேயரும் இம்முறை தீர்ப்பெழுதிய நீதிபதி அலிட்டோவோடு நின்றார்கள்.

அலிட்டோவின் வாதத்தை லேசாக ஒதுக்க முடியாது. அடிபட்ட பெண் தன் சொந்த வீட்டுக்குள் போலீசை அழைக்க, அடித்தவரின் அனுமதி வேண்டுமா? நிச்சயம் வேண்டாம். அந்தப் பெண் போலீசைத் துணைக்கு அழைக்கலாம், தான் கண்டதை வாக்குமூலமாகச் சொல்லலாம். அதை வைத்தே நீதிபதியிடம் வாரண்ட் கேட்கலாம். கைதானவர் திரும்பிவர வழியில்லாத அந்த ஒரு மணி நேரத்தில் அதைக் கேட்க என்ன தடை? மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி கின்ஸ்பர்க் வலியுறுத்தியது இதைத்தான். பெண்ணின் பாதுகாப்பும் வீட்டைத் துழாவுவதும் ஒன்றல்ல. முதலாவதற்குக் கைதே போதுமானதாக இருந்தது.

அந்தச் சம்மதம் வாங்கப்பட்ட நிலைமையையும் பார்க்க வேண்டும். மறுக்கலாம் என்று எடுத்துச் சொல்லும் கட்டாயம் போலீசுக்கு இல்லை என்று 1973-இலேயே தீர்ப்பு உண்டு. காயத்தோடும் குழந்தையோடும் தனியாக நிற்பவரிடம் வாங்கும் கையெழுத்தை முழு மனதின் சம்மதம் என்று கொள்ள எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

எனவே 2006-இன் தீர்ப்பு சரி, அது கிழித்த கோடு தவறு. மறுப்பு என்பது சொன்னவரின் உடம்போடு வெளியேறிவிடும் பொருளல்ல. சொன்னவரையே அகற்றிவிட்டுப் புறக்கணிக்கலாம் என்றால், அவரைக் கேட்டதற்கே அர்த்தமில்லை. சட்டப்படியான கைதாகவே இருந்தாலும், அது அவரைத்தான் வாசலிலிருந்து அகற்றும். அவர் சொன்ன மறுப்பு, நீதிபதி ஒருவர் வாரண்டில் கையெழுத்திடும் வரை நின்றிருக்க வேண்டும். ஃபெர்னாண்டஸ் தீர்ப்பு பிழையானது.