ஊழியும் வேங்கடமும்: உலகமுடிவு பற்றிய கூற்றுகளில் காலமும் கடமையும்

முன்னுரை

உலகம் எவ்வாறு முடியும், எப்போது முடியும் என்னும் வினாக்கள் எல்லாச் சமூகங்களிலும் எழுந்துள்ளன. மாயர் நாட்காட்டியைக் காரணங்காட்டி 2012 டிசம்பர் 21ஆம் நாளன்று உலகம் அழியும் என்ற அச்சம் பல நாடுகளில் பரவியது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்று ஏற்பட்டபோது, கடப்பைப் பகுதியில் கந்திமல்லாயபள்ளியில் வாழ்ந்த போத்துலூரி வீரபிரம்மத்தின் ‘காலஞானம்’ அதனை முன்பே உரைத்துவிட்டது என்று தெலுங்கு வழங்கும் பகுதிகளில் பேசப்பட்டது. தமிழிலும் பரிபாடல் கூறும் ஊழி எண்களை இன்றைய அறிவியல் கணக்கோடு பொருத்திக் காட்டும் போக்கு உண்டு. இவ்வாசிப்புகள் யாவும் ‘எப்போது’ என்னும் ஒரே வினாவை நூல்களின்மேல் ஏற்றுகின்றன. தமிழ் நூல்கள் அவ்வினாவை எழுப்பினவா, எழுப்பவில்லையெனில் ஊழியைப் பற்றி அவை எதைக் கூற முற்பட்டன என்பவற்றைத் தமிழகத்தின் வடவெல்லையாகிய வேங்கடத்தையும் அதனை அடுத்த சித்தூர்ப் பகுதியையும் களமாகக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஊழி என்னும் சொல்

ஊழ் என்னும் அடிக்கு முறை, முதிர்வு என்னும் பொருள்கள் உண்டு. ஊழ்த்தல் என்பது மலர்தலையும் முதிர்ந்து உதிர்தலையும் குறிக்கும். மலர்தலும் உதிர்தலும் ஒரே வினையின் இரு நிலைகளாக இச்சொல்லில் அடங்கியிருத்தல் நோக்கத்தக்கது. எனவே ஊழி என்பது திடீரென நேரும் அழிவைக் காட்டிலும், ஒரு முறைமையின் நிறைவையே முதன்மையாக உணர்த்துகிறது எனலாம். கலித்தொகையின் கடவுள் வாழ்த்தில், அனைத்தையும் ஒடுக்கும் இறைவனின் கூத்துக்கு இறைவி பாணியும் தூக்கும் சீரும் தருகிறாள். அழிவுக்கும் ஒரு தாளம் உண்டு என்பதே அப்பாடலின் கருத்து.

பரிபாடலின் இரண்டாம் பாடல் ஐம்பூதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிய ஊழிகளை வரிசைப்படுத்தி, நெய்தல், குவளை, ஆம்பல் முதலிய பேரெண்களால் காலத்தை அளக்கிறது. ஆயினும் அக்கணக்கு வரவிருக்கும் முடிவை நோக்கியதன்று. கடந்துபோன காலத்தை நோக்கியது. எண்ணிச் சென்ற புலவர் இறுதியில் திருமாலின் தொன்மையை அறிந்தார் எவருமில்லை என்று நிறுத்துகிறார். எண்ணின் பயன் எண்ண இயலாமையை உணர்த்துவதே ஆகிறது.

‘பெயரினும்’ என்னும் வடிவம்

ஊழி தமிழ்த் தொடர்களில் எந்த இலக்கண வடிவில் வருகிறது என்று நோக்கினால் ஓர் உண்மை புலனாகிறது. சான்றாண்மை அதிகாரத்தில் (குறள் 989) வள்ளுவர், ஊழியே நிலைமாறிய போதும் சான்றோர் தம் நிலையிலிருந்து மாறார் என்கிறார். ஊழி அங்கு எழுவாயாக வரினும், தலைமை வினைக்கு உரியவர் சான்றோரே. ஊழியின் வினை ‘பெயரினும்’ என, செயின் என்னும் வாய்பாட்டு வினையெச்சம் உம்மை பெற்ற வடிவில் நிற்கிறது. புறநானூற்று இரண்டாம் பாடலில் முரஞ்சியூர் முடிநாகராயர் சேரமான் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதனை வாழ்த்துமிடத்தும் இதே அமைப்பைக் காண்கிறோம். இயற்கையே தன் இயல்பு திரிந்தாலும் நீ திரியாது நிற்பாயாக என்பது அவ்வாழ்த்தின் சாரம்.

இவ்விடங்களில் உலகின் முடிவு ஒரு செய்தியாகக் கூறப்படவில்லை. மனிதப் பண்பை அளக்கும் கோலாகவே கையாளப்படுகிறது. முடிவு வருமா, எப்போது வரும் என்னும் வினாவுக்கு அத்தொடரில் இடமே இல்லை. வந்தாலும் நீ என்ன செய்வாய் என்பதே வினா.

உண்ட வாயும் நின்ற மலையும்

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் இரு செய்திகளைக் கூறுகிறான். பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டது ஒன்று. வேங்கட மலையுச்சியில் திருமால் நிற்கும் கோலம் மற்றொன்று. தென்னெல்லையை நீர் விழுங்கியதையும் வடவெல்லையில் மலை நிலைத்து நிற்பதையும் ஒருவன் வாய்மொழியாகவே இளங்கோவடிகள் அமைத்துள்ளார். அழிவு அங்கு இறந்தகாலச் செய்தி. காணப்போகும் மலையே எதிர்காலம்.

இவ்வமைப்பு ஆழ்வார் பாடல்களில் மேலும் கூர்மை பெறுகிறது. நம்மாழ்வார் திருவாய்மொழியின் ஆறாம் பத்துப் பத்தாம் திருவாய்மொழி திருவேங்கடமுடையானிடம் சரண்புகும் பதிகம். பிரளயத்தில் உலகை விழுங்கியவன் என்னும் விளியோடுதான் அது தொடங்குகிறது. ‘உண்ட’ என்னும் இறந்தகாலப் பெயரெச்சம் ஊழியை இறைவனின் அடைமொழியாக்கி விடுகிறது. முடிவு முன்பே நிகழ்ந்தது. அதனை நிகழ்த்தியவனும் அதிலிருந்து உலகைக் காத்து மீள வெளிப்படுத்தியவனும் ஒருவனே. அவன் இம்மலையில் நிற்கிறான். ஆதலின் பாடுவோன் அஞ்சவேண்டியது முடிவையன்று, பிரிவையே. பதிகத்தின் துயரம் முழுவதும் பிரிவாற்றாமையாக அமைவதற்கு இதுவே காரணம்.

அம்மலையே ஒரு பழைய முடிவின் சான்றைத் தாங்கி நிற்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. திருமலைக்குச் செல்லும் மலைப்பாதையில், மிகப் பழைய கருங்கற் பாறைகளின்மேல் அவற்றினும் பல பத்துக் கோடி ஆண்டுகள் இளைய நகரி குவார்ட்சைட் படிவுகள் நேரே அமர்ந்துள்ளன. இடைப்பட்ட நெடுங்காலத்தின் படிவுகள் அங்கு இல்லை. நிலவியலார் இதனை எபார்க்கியன் படிவு இடைமுறிவு என்பர். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இதனைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. ஆழ்வார் இதனை அறிந்து பாடினார் என்று கூறுவது ஆய்வு நெறியாகாது. கவிதையின் உண்மைக்குப் பாறை சாட்சி சொல்ல வேண்டியதில்லை. ஓர் உலகம் தேய்ந்தழிந்த தளத்தின்மீது வேறோர் உலகம் படிந்தது என்னும் அளவில் இரண்டையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்கலாம், அதற்குமேல் செல்லலாகாது.

‘முடியும்வரை’ என்னும் எல்லை

வேங்கடத்தைச் சூழ்ந்த தலபுராண மரபிலும் வாய்மொழி மரபிலும் வேறொரு வடிவம் வழங்குகிறது. பத்மாவதியை மணக்கக் குபேரனிடம் பெற்ற கடனைக் கலியுகம் முடியும்வரை பெருமாள் திருப்பிச் செலுத்திவருகிறார் என்பது யாவரும் அறிந்த கதை. வட்டிக்காசுலவாடு என்று தெலுங்கு மக்கள் அவரை உரிமையோடு அழைப்பதும் இதனால் என்பர். உண்டியலில் இடும் காணிக்கையைக் கடவுளின் கடனில் தம் பங்காக அடியார் கருதுகின்றனர்.

சித்தூரை அடுத்துப் பாகுதா ஆற்றங்கரையில் உள்ள காணிப்பாக்கத்தில், கிணற்றில் கண்டெடுக்கப்பட்ட விநாயகர் திருவுரு இன்றும் வளர்கிறது என்பது நம்பிக்கை. சில பதின்ஆண்டுகளுக்கு முன் செய்தளித்த வெள்ளிக்கவசம் இப்போது பொருந்தவில்லை என்று அதற்குச் சான்று காட்டுவர். அவ்வளர்ச்சியை யுகமுடிவோடு இணைத்துப் பேசுவாரும் உளர். அதே சந்நிதிதான் பொய்யுரைக்க அஞ்சும் இடமாகவும் விளங்குகிறது. ஊர்வழக்குகளில் அங்குச் சத்தியம் செய்வித்துத் தீர்வு காண்பது நெடுங்கால வழக்கம். காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்யத் தயாரா என்னும் அறைகூவல் ஆந்திர அரசியல் மேடைகளிலும் ஒலிப்பதுண்டு.

இவ்விரு மரபுகளிலும் யுகமுடிவு ‘வரை’ என்னும் எல்லைச்சொல்லோடு பொருந்தி வருகிறது. ஓரிடத்தில் அது கடனின் எல்லை. மற்றோரிடத்தில் வாய்மையின் காவற்காலம். கலியுகம் கி.மு. 3102இல் தொடங்கி 4,32,000 ஆண்டுகள் நீடிக்கும் என்பது மரபுக் கணக்கு. அதன்படி இன்னும் 4,26,000 ஆண்டுகளுக்கு மேல் எஞ்சியுள்ளன. இவ்வளவு நெடிய தவணையை எவரும் நாட்காட்டியில் குறித்து வைப்பதில்லை. கடமைக்கு விடுமுறை இல்லை என்பதே அதன் பொருள்.

ஏழு நாள் எச்சரிக்கை

தமிழில் நாள் குறித்த அழிவுரையே இல்லை எனில் அது பிழையாகும். மணிமேகலையின் ஒன்பதாம் காதையில் பிரமதருமன் என்னும் முனிவன், ஏழு நாளில் நிலநடுக்கம் நேரும் என்று அத்திபதி மன்னனிடம் அறிவிக்கிறான். ஆனால் அவன் அத்துடன் நிற்கவில்லை. மக்களும் கால்நடைகளும் நகரைவிட்டு நீங்கவேண்டும் என்கிறான். மன்னனும் அவ்வாறே வெளியேறச் செய்கிறான். உரைத்தபடி நகர் அழிகிறது. மக்கள் அதற்குமுன் வெளியேறியிருந்தனர்.

இப்பகுதி நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. ‘எப்போது’ என்னும் வினா, ‘அதற்குள் என்ன செய்யவேண்டும்’ என்னும் வினாவோடு சேர்ந்து வருமிடத்து அது எச்சரிக்கை. நிகழ்ந்து முடிந்தபின் பழைய பாடலொன்றை எடுத்து ‘அன்றே சொன்னார்’ என்பது எச்சரிக்கையன்று. அதனால் ஓர் உயிரும் பிழைப்பதில்லை. இக்குறை காலஞானத்தின்மேல் முற்றிலும் சாரத்தக்கதன்று. தூதேகுல மரபில் வந்த சித்தையாவைச் சீடராக ஏற்று, பிறப்புவழி உயர்வுதாழ்வை மறுத்தவர் வீரபிரம்மம். அந்நூலில் நிகழ்கால ஒழுக்கத்தின் மீதான கண்டனமும் உண்டு. அக்கண்டனத்தை விடுத்து ஆரூடத்தை மட்டும் எடுத்துக்கொள்வது வாசிப்போர் செய்யும் குறை.

எண்களைப் பொருத்தும் வாசிப்பு

ஒரு கற்பம் 432 கோடி ஆண்டுகள். புவியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். ஆகவே முன்னோர் இதனை அறிந்திருந்தனர் என்னும் வாதம் பரவலாகக் கேட்கப்படுகிறது. கற்பம் என்பது தொடக்கம் முதல் முடிவு வரையுள்ள முழுநீளம்; புவியின் வயதோ இதுவரை கழிந்த காலம். மரபுக் கணக்கின்படி நடப்புக் கற்பத்தில் கழிந்தவை ஏறத்தாழ 197 கோடி ஆண்டுகளே. ஒப்பிடத்தகாத இரண்டை ஒப்பிட்டுப் பெற்ற பெருமை இது.

கதிரவனின் ஒளி மெல்லமெல்லப் பெருகுவதால் இன்னும் ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளில் புவியின் கடல்கள் வற்றத் தொடங்கலாம் என்றும், சுமார் 500 கோடி ஆண்டுகளுக்குப்பின் கதிரவன் செம்பெரு விண்மீனாகும் என்றும் வானியலார் கணிக்கின்றனர். அவை அளவைகளின் வழிப் பெற்ற முடிவுகள். புதிய சான்று கிடைப்பின் திருத்தத்திற்கு உட்படுபவை. கவிதையின் ஊழி அவ்வாறு திருத்தப்படுவதில்லை. அதன் பணி வேறு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் உலகமுடிவு பற்றிய கூற்றுகள் நான்கு வடிவங்களில் அமைதல் பெறப்படுகிறது. குறளிலும் புறநானூற்றிலும் ‘பெயரினும்’ என்றாற்போல வருவது பண்பின் அளவுகோல். திருவாய்மொழியில் ‘உண்ட’ என வருவது அச்சம் நீக்கும் நினைவு. வேங்கடத்தைச் சூழ்ந்த மக்கள் மரபில் ‘முடியும்வரை’ என வருவது கடமையின் எல்லை. மணிமேகலையில் ‘ஏழு நாளில்’ என வருவது செயலைத் தூண்டும் எச்சரிக்கை. இந்நான்கனையும் ஆரூடம் என்னும் ஒன்றாகச் சுருக்கினால் நூல்கள் தம் பொருளை இழக்கின்றன. வாசிப்போரும் தம் பொறுப்பிலிருந்து எளிதில் நழுவிவிடுகின்றனர். நாள் குறிக்கப்பட்டுவிட்ட உலகில் கடனைத் தீர்ப்பதற்கோ சொல்லைக் காப்பதற்கோ தேவை எழாதன்றோ?

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் வழங்கும் குடும்பங்கள் பல. அவர்தம் நாவில் இக்கடன்கதையும் கிணற்றுக்கதையும் எந்த வினைவடிவில் கூறப்படுகின்றன என்பதைக் களஆய்வின்வழித் தொகுத்தல் வேண்டும். நூல்வழிப் பெற்ற இம்முடிவுகளை மக்கள் வழக்கில் வைத்துச் சோதிக்க அதுவே தக்க வழியாகும்.