கட்டைவிரலுக்கு வேலை வைக்காத லைட்டர்

கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்தவர்களிடம் சமையலில் எது கஷ்டம் என்று கேட்டால் தேங்காய் துருவுவது, பாட்டில் மூடி திறப்பது, சப்பாத்தி மாவு பிசைவது என்று சொல்வார்கள். லைட்டரை யாரும் சொல்வதில்லை. ஒரு நொடி வேலைதானே! ஆனால் அந்த ஒரு நொடியில் மூட்டின் மேல் ஏறும் சுமை லேசானதல்ல. கட்டைவிரல் நுனியால் 1 கிலோ அழுத்தம் கொடுத்து ஒரு பொருளைக் கிள்ளிப் பிடித்தால், அடிமூட்டில் சுமார் 12 கிலோ விசை விழுகிறது என்று கூனி, சாவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1977-லேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள்.

குலதெய்வம் கோயிலுக்கு வேன் பிடித்துப் போய், வழியில் மரத்தடியில் அடுப்பு வைத்துச் சமைக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இன்னும் இருக்கிறது. விடிகாலைக் காபிக்கு முதலில் எழுந்துகொள்வது நான்தான். கை ஒத்துழைக்க மறுப்பதும் அந்த நேரத்தில்தான். தேய்மான மூட்டுவாதத்தில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் இளகிவிடும். முடக்குவாதக்காரர்களுக்கு ஒரு மணி நேரம் தாண்டியும் நீளலாம். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்கையில், காற்றடிக்கும் வெளியில், தாழ்வாக வைத்த அடுப்பைத் துணையில்லாமல் பற்றவைக்க எது தோது என்று தெரிந்துகொள்ளத்தான் கடையில் கிடைக்கும் சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன்.

முதலில், எல்லார் வீட்டிலும் இருக்கும் ஸ்டீல் லைட்டர். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பீங்கான் துண்டு. பொத்தானை அமுக்கும்போது ஸ்பிரிங் சுருங்கி, ஒரு கட்டத்தில் விடுபட்டு, சுத்தியலைப் பீங்கான் மேல் அடிக்கிறது. அடிபட்ட பீங்கானில் சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் எழுந்து நுனியில் பொறியாகத் தாவுகிறது. பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் 1880-ல் கண்டறிந்த பியசோ விளைவு இது. பேட்டரி வேண்டாம், கேஸ் நிரப்ப வேண்டாம், வருஷக்கணக்கில் உழைக்கும். நல்ல கைக்கு இதைவிடச் சிறந்த கருவி கிடையாது. ஆனால் அந்த வோல்ட் முழுவதையும் கொடுப்பது நம் கட்டைவிரல். மெதுவாக அமுக்கினால் சின்னப் பொறியாவது வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஸ்பிரிங் விடுபடும் வரை அமுக்கியே ஆக வேண்டும்.

வலியைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதன் பெரிய சிக்கல் வேறு. பொறி வந்ததும் மறைந்துவிடுகிறது. ஆகவே இடக்கை குமிழை அழுத்தித் திருப்பும் அதே சமயம் வலக்கை 'டக்'கென்று அடிக்க வேண்டும். வலிக்கிற கை முதல் தடவை தவறவிடும், பிடியை மாற்றும், மறுபடி முயலும். அதுவரை கேஸ் வந்துகொண்டே இருக்கிறது. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே எழும்பிக் கலையாமல் அடுப்பைச் சுற்றித் தாழ்வாகத் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். தாமதமாக வரும் பொறிக்கு 'பொக்'கென்று தீ சீறுவது இதனால்தான். அதனால் மற்றக் கருவிகளை எடுத்துப் பார்க்கும்போது, வலிக்கிறதா என்பதோடு இன்னொரு கேள்வியையும் வைத்துக்கொண்டேன்: நெருப்பை முதலில் பர்னர் அருகே நிறுத்திவிட்டு, அப்புறம் நிதானமாகக் கேஸைத் திறக்க முடிகிறதா?

முடிகிறது, சார்ஜ் செய்யும் ஆர்க் லைட்டரில். கழுத்து நீளமான கருவி. நுனியில் இரண்டு உலோக முனைகள். பொத்தானை அழுத்தியதும் அவற்றின் இடையில் ஊதா நிறத்தில் மின்வில் ஒன்று கீச்சென்று எரிகிறது. உள்ளே லித்தியம் பேட்டரி இருப்பதால் விரல் தர வேண்டியது அழைப்பு மணியை அழுத்துகிற அளவு விசை மட்டுமே. அதையும் கட்டைவிரல்தான் செய்ய வேண்டும் என்றில்லை. நான் லைட்டரை முஷ்டிக்குள் பிடித்து, ஆள்காட்டி விரலின் நடுக்கணுவால் அழுத்துகிறேன். விரல் மடங்காத நாளில் இடது உள்ளங்கையின் குதியை மேலே வைத்து அழுத்தி ஆர்க் வருகிறதா என்று பார்த்தேன், வருகிறது. ஆனால் அப்படிச் செய்தால் குமிழைத் திருப்பக் கை மிஞ்சாது. அந்த மாதிரி நாளில் பக்கத்தில் ஒருவரை எழுப்பிவிடுவதே மரியாதை.

இதைப் பிடிக்கும் இடம் முக்கியம். பர்னரின் உச்சியில் வைத்தால் பற்றாது. கேஸ் வெளிவருவது பித்தளைத் தொப்பியின் பக்கவாட்டுத் துளைகளில். அந்த வரிசைக்கு ஒரு நூல் மேலே, உலோகத்தில் படாமல் நுனியை நிறுத்த வேண்டும். பட்டுவிட்டால் மின்வில் இரண்டு முனைகளுக்கிடையே நிற்காமல் பித்தளைக்குத் தாவிவிடும். நுனியை நிறுத்தி, பொத்தானை அழுத்தி, ஊதா ஒளியைக் கண்ணால் பார்த்த பிறகு குமிழைத் திருப்பினால் தீ சத்தமில்லாமல் பிடிக்கிறது. சுடர் கிடையாது என்பதால் காற்று இதை அணைக்க முடியாது. தேங்கிய கேஸ் சீறுமோ என்ற பயம் போன பிறகு, குமிழைத் திருப்பும் கையும் பதறாமல் மெதுவாகத் திருப்புகிறது. எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அது.

குறைகளும் உண்டு. நான் வாங்கியதில் பொத்தானுக்கு மேலே கடுகளவு ஒரு தள்ளு பூட்டு. நகத்தால் நெம்பித்தான் நகர்த்த வேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்கு மிகவும் உதவக்கூடிய ஒரு கருவியில், வழி மறிப்பது அந்த ஒரு பூட்டுதான். பெரும்பாலான மாதிரிகளில் சில நொடிகளில் ஆர்க் தானாக நின்றுவிடும். பாதுகாப்புக்கு நல்லது, ஆனால் மெதுவாக இயங்கும் கைக்கு அந்த அவகாசம் கொஞ்சம் குறைவு. பொங்கிய பால் முனைகளில் பட்டுக் காய்ந்தால் ஆர்க் திணறும். உலர்ந்த பழைய பல்துலக்கியால் தேய்த்தால் சரியாகும். கைப்பிடி ஒல்லி. ஏ.சி. குழாய்மேல் மாட்டும் கருப்பு நுரைக்குழாயில் ஒரு சாண் வாங்கி, பொத்தான் இருக்கும் இடத்தை வெட்டிவிட்டுக் கைப்பிடியில் செருகினேன். பிடி தடித்ததும் விரல்களை இறுக்கி மடக்க வேண்டிய தேவை பாதி குறைந்தது. பூட்டை மன்னிக்க முடிந்தால், 500 ரூபாய்க்குள் கிடைக்கும் இதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

பென்சில் பேட்டரி போட்டு இயங்கும் லைட்டரும் இதே இனம். பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை படபடவென்று பொறி விழும். சார்ஜ் வேண்டாம், வழியில் எந்தப் பெட்டிக்கடையிலும் பேட்டரி கிடைக்கும் என்பது பயணத்துக்குப் பெரிய வசதி. ஆனால் பேட்டரி மூடியைத் திறப்பது தனி யுத்தம்.

பியூட்டேன் நிரப்பிய நீள லைட்டரை, துப்பாக்கி விசையோடு வருவதை, பெரிதும் எதிர்பார்த்தேன். நிஜச் சுடர், நிலைத்து எரிகிறது. பூட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே விசையையும் இழுக்க வேண்டியிருப்பதுதான் தடை. அமெரிக்காவில் இந்த வகைக்குக் குழந்தைப் பாதுகாப்பு 2000-ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து கட்டாயம். மூன்றரை வயதிலிருந்து நாலேகால் வயது வரையான குழந்தைகளிடம் கொடுத்துச் சோதிக்கிறார்கள். 100-க்கு 85 பேராலாவது பற்றவைக்க முடியாமல் போக வேண்டும். அந்த விதி உயிர்களைக் காக்கிறது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நாலு வயது விரலைத் தோற்கடிக்கும் விசை என் விரலையும் தோற்கடிக்கிறது. திறந்தவெளிக் காற்றில் சுடரும் அணைகிறது. இது எனக்கு உதவவில்லை.

லைட்டரே வேண்டாம் என்று நினைப்பவர்கள் கேசட் அடுப்பைப் பார்க்கிறார்கள். ஸ்பிரே டப்பா மாதிரியான பியூட்டேன் குப்பியை அடுப்பின் பக்கவாட்டு அறையில் படுக்க வைத்து, நெம்புகோலைக் கீழே தள்ளினால் பொருந்திக்கொள்ளும் ஒற்றை பர்னர் அடுப்பு. நெம்புகோல் அருமை, உள்ளங்கை ஓரத்தால் தள்ளிவிடலாம், விரலுக்கு வேலையில்லை. குப்பியின் கழுத்திலுள்ள வெட்டு மேல்நோக்கி இருக்கும்படி வைக்க மட்டும் கவனம் வேண்டும். ஆனால் பற்றவைக்கும் பியசோ குமிழுக்குள்ளேயே இருக்கிறது. திருப்பின் கடைசிப் பகுதியில் ஸ்பிரிங் எதிர்க்கும். அதை வெல்ல மணிக்கட்டு முறுக்க வேண்டும். விரல் மட்டும் நோகிறவர்களுக்கு இது சரிவரும், மணிக்கட்டும் நோகிறவர்களுக்குச் சரிவராது. நான் குமிழை லேசாக மட்டும் திறந்து, ஆர்க் லைட்டரால் பற்றவைக்கிறேன். ஊட்டிக் குளிரில் இந்த அடுப்பு சோர்ந்துபோகும், ஏனென்றால் பியூட்டேன் ஆவியாக மாறும் வெப்பநிலையே பூஜ்யத்துக்கு அரை டிகிரிதான் கீழே. இன்னொன்று, நம் வீட்டுப் பெரிய தோசைக்கல்லை இதன்மேல் ஏற்றவே கூடாது. கல் குப்பி அறைக்கு மேலே நீண்டு, வெப்பத்தை அங்கே இறக்கிக் குப்பியின் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

குமிழ் இறுக்கமாக இருந்தால் எந்த லைட்டரும் பயன்படாது. எங்கள் இரட்டை அடுப்பின் குமிழ் கெட்டியாக இருந்ததற்குக் காரணம் உள்ளே வால்வில் காய்ந்துபோன கிரீஸ். அடுப்பு சர்வீஸ் செய்பவர் கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் வைத்தபின் இரண்டு விரலுக்குப் பதில் உள்ளங்கையால் அழுத்தித் திருப்ப முடிகிறது. புது அடுப்பு வாங்குகிறவர்கள் தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வால்வு உள்ளதா என்று கேட்பது நல்லது. ஆனால் அதில் பற்றியபின்னும் உணரி சூடாகும் வரை குமிழைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதையும், கடையில் தாங்களே பிடித்துப் பார்த்து, தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

சிலிண்டரில் ரெகுலேட்டர் மாட்டுவதை மட்டும் நான் செய்வதில்லை. 5 கிலோ சிலிண்டரானாலும் வளையத்தை உயர்த்தி அழுத்தும் அந்த வேலையை முந்தின இரவே பிள்ளைகள் செய்து, சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்து, மூடி வைத்துவிடுவார்கள். மழை பெய்தாலும் வேனுக்குள் அடுப்பு ஏற்றுவதில்லை. 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டிக்குள் சிலிண்டர் வைத்துத் தேநீர் போட முயன்றபோது பிடித்த தீயில் 9 பேர் இறந்தார்கள். மூடிய இடத்தில் சமைக்கலாம் என்று யார் சொன்னாலும் நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆர்க் லைட்டர் வாங்கப் போகிறவர்கள் பெட்டியைப் பிரித்துக் காட்டும் கடையாகப் பார்த்துப் போங்கள். வலி அதிகமுள்ள கையில் கொடுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டு, கணுவால் பூட்டைத் தள்ளி, கணுவாலேயே பொத்தானை அழுத்துங்கள். இரண்டும் ஒரே மூச்சில் முடியவில்லை என்றால் அடுத்த மாதிரியைக் கேளுங்கள். பூட்டு பெரிதாக, பக்கவாட்டில் இருக்கும் மாதிரிகளும் வருகின்றன.