லீன் புத்தகத்தில் எல்லோரும் தாண்டிப்போன பக்கம்

தொழிற்சாலை நிர்வாகம் பற்றிப் பேச்சு எடுத்தாலே 'லீன்' என்ற சொல் வந்து உட்கார்ந்துவிடும். அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது, ஜேம்ஸ் வோமாக், டேனியல் ஜோன்ஸ், டேனியல் ரூஸ் மூவரும் 1990-ல் எழுதிய 'தி மெஷின் தட் சேஞ்சுடு தி வேர்ல்ட்'. எம்.ஐ.டி.யில் கார் தொழில் பற்றி 5 வருஷம் நடந்த ஆய்வின் சாரம். மேற்கோள் காட்டுபவர்கள் நிறைய. முழுசா படித்தவர்கள் அந்த அளவுக்கு இருப்பாங்களா என்பது சந்தேகம்தான்.

முதலில் பலம். 1986 கணக்குப்படி, ஒரே மாதிரியான வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ராமிங்ஹாம் ஆலையில் ஒரு காரை அசெம்பிள் பண்ண 31 மணி நேர உழைப்பு. டொயோட்டாவின் தகாவோகாவில் 16. 100 கார்களில் குறைகள் அங்கே 130, இங்கே 45. உதிரிபாக ஸ்டாக் அங்கே 2 வாரத்துக்கு, இங்கே வெறும் 2 மணி நேரத்துக்கு. "எல்லாம் ரோபோ செய்யும் வேலை" என்று அப்போது பலர் நம்பினார்கள். ஆலைகளுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தில் ஆட்டோமேஷனின் பங்கு சுமார் மூன்றில் ஒன்றுதான் என்று இந்தப் புத்தகம் எண்களோடு காட்டியது. மீதி, வேலையை ஒழுங்குபடுத்தும் விதம்.

இதற்கு நல்ல சாட்சி கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலை. ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய இடம். 1984-ல் டொயோட்டாவோடு கூட்டாக நம்மி என்ற பெயரில் திறந்தபோது, வந்தவர்களில் பெரும்பாலானோர் பழைய தொழிலாளர்கள்தான், அதே யூனியன்தான். ஆனாலும் ஒரு காருக்கு 19 மணி நேரம் என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். வேடிக்கை என்னன்னா, அதே கட்டிடத்தில்தான் டெஸ்லா பிறகு மாடல் 3-ஐ ரோபோக்களை நம்பி ஆரம்பித்துத் திணறியது. அளவுக்கு மீறிய ஆட்டோமேஷன் தவறு என்று 2018-ல் ஈலான் மஸ்க்கே ஒப்புக்கொண்டார்.

இனி குறை. ஸ்டாக்கை 2 வாரத்திலிருந்து 2 மணி நேரமாகக் குறைத்தால், வழியில் வரும் அதிர்ச்சியை யார் தாங்குவது? வேலை செய்கிற ஆள்தான். வேகத்திலும் ஓவர்டைமிலும் அவர்தான் ஈடு கட்டணும். 1972-ல் டொயோட்டாவில் சீசன் தொழிலாளியாகச் சேர்ந்த சதோஷி கமாத்தா என்ற பத்திரிகையாளர், லைன் வேகமும் உடல் சோர்வும் எப்படி இருக்கும் என்று 1973-லேயே தனிப் புத்தகமாக எழுதிவிட்டார். வோமாக் குழுவின் புத்தகத்தில் அந்தக் குரல் மிகவும் மெலிசு. நூற்றாண்டு முடிவதற்குள் அசெம்பிளி ஆலைகளில் பெரும்பாலும் சிக்கல் தீர்க்கும் திறமைசாலிகளே இருப்பார்கள் என்ற அதன் கணிப்பும் பலிக்கவில்லை.

ஆனால் என் பெரிய புகார் வாசகர்கள் மேல். டொயோட்டா 1950 நெருக்கடியில் கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. மிஞ்சியவர்களுக்கு ஆயுள் வேலை உத்தரவாதம் கிடைத்தது. இந்த ஒப்பந்தத்தின் மேல்தான் முழு முறையும் நிற்கிறது என்று புத்தகமே சொல்கிறது. யோசிச்சுப் பாருங்க: வேலை போகும் என்ற பயம் இருப்பவர் லைனை நிறுத்தக் கயிற்றை இழுப்பாரா? தன் வேலையே மிச்சமாகிப்போகும் யோசனையைத் தானாக முன்வந்து சொல்வாரா? நம்மியிலும் விற்பனை சரிந்தபோது ஆட்களை வெளியே அனுப்பாமல் பயிற்சியில் உட்காரவைத்தார்கள்.

காப்பியடித்த பல ஆலைகள் கான்பானை எடுத்துக்கொண்டன, கைசன் போர்டை மாட்டிவைத்தன, உத்தரவாதத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தன. காண்ட்ராக்ட் தொழிலாளியிடம் "உங்க மேம்பாட்டு யோசனையை எழுதிப் போடுங்க" என்று சொல்லிப் பெட்டி வைத்தால், அதில் என்ன விழும்?

இப்போது அதே தவறு 'இண்டஸ்ட்ரி 4.0' என்ற பெயரில் சென்சாரும் டேஷ்போர்டுமாக வந்திருக்கிறது. அதனால் இந்தப் பழைய புத்தகம் இன்னும் படிக்க வேண்டியதே. எண்கள் வரும் பக்கங்களோடு நிறுத்திவிடாமல், 1950 ஒப்பந்தம் வரும் பக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள்.